அமெரிக்க வருமான வரியில் பிள்ளைகளை டிபென்டென்ட்டாகக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி கடைசியில் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டி முதலாளி தரும் படிவம்) கைக்கு வந்ததுமே நம் குடும்பங்களில் கேள்விகள் தொடங்கிவிடும். ஊரில் பாட்டி வீட்டில் வளரும் குழந்தை, ஹெச்4 விசாவில் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் மகள், வேறு மாநிலத்தில் கல்லூரி படிக்கும் மகன், பிரிந்து வாழும் கணவன் மனைவி என்று நம்மவர்களின் நிலைமைகளுக்குப் பொதுவான வழிகாட்டிகளில் சட்டென்று பதில் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தப் பக்கம். டிபென்டென்ட் என்றால் வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்திருப்பவர்; ரிட்டர்ன் என்றால் நீங்கள் தாக்கல் செய்யும் ஆண்டு வரிக் கணக்கு. இங்கே இருப்பது மத்திய அரசின் வரி மட்டும். மாநில வரிக்குத் தனி விதிகள் உண்டு. தொகைகள் எல்லாம் 2025 வருமானத்துக்கு, அதாவது 2026 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னுக்கு உரியவை.

குழந்தையை டிபென்டென்ட்டாகக் காட்டினால் என்ன கிடைக்கும்?

2017 வரை தலைக்கு 4,050 டாலர் வருமானத்திலிருந்து கழியும். 2018-இல் அந்தக் கழிவைப் பூஜ்யமாக்கினார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. ஆகவே இன்று டிபென்டென்ட் என்று எழுதுவதால் மட்டும் ஒரு டாலரும் குறையாது. அந்தப் பெயரை வைத்துக் கிடைக்கும் கிரெடிட்டுகளில்தான் பணம் இருக்கிறது. கிரெடிட் என்பது கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிவது.

முக்கியமானது சைல்டு டாக்ஸ் கிரெடிட். 17 வயது நிறையாத ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. அதில் 1,700 வரை, வரியே இல்லாவிட்டாலும் ரீஃபண்டாக வரலாம். அது கிடைக்காத டிபென்டென்ட்டுக்கு 500 டாலர் கிரெடிட் ஒன்று உண்டு; அது வரியைக் குறைக்கும், ரீஃபண்டாக வராது. இவற்றோடு டே கேர் செலவுக்கான கிரெடிட், கல்லூரிக் கட்டணக் கிரெடிட், குறைந்த வருமானக்காரர்களுக்கான உழைப்பு வருமான கிரெடிட், ஒற்றைப் பெற்றோருக்கான 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' நிலை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 'என் பிள்ளை டிபென்டென்ட்டா?' என்பது ஒரு கேள்வி. 'இந்தக் கிரெடிட் எனக்கு உண்டா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று வந்ததும் இரண்டாவதுக்கும் ஆம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. கீழே உள்ள பதில்களில் இரண்டையும் தனித்தனியாகவே பார்ப்போம்.

சரி, டிபென்டென்ட் ஆக என்ன தகுதி வேண்டும்?

முதலில் உறவு. சொந்தப் பிள்ளை, துணையின் பிள்ளை, தத்துப் பிள்ளை, அரசு ஒப்படைத்த வளர்ப்புப் பிள்ளை, தம்பி தங்கை, இவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லோரும் அடங்குவார்கள். வயது ஆண்டு முடிவில் 19-க்குக் கீழ் இருக்க வேண்டும். முழுநேர மாணவர் என்றால் 24-க்குக் கீழ். நிரந்தரமான முழு மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. மாற்றுத்திறன் உள்ள 30 வயது மகனை இனி காட்ட முடியாது என்று நினைத்து விட்டுவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும். தன் செலவில் பாதிக்கு மேல் பிள்ளை தானே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கல்யாணமாகித் துணையோடு கூட்டு ரிட்டர்ன் போட்டிருக்கக் கூடாது. பிடித்த வரியைத் திரும்பப் பெற மட்டும் போட்டிருந்தால் விலக்கு உண்டு. கடைசியாக, பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி அமெரிக்க ரெசிடென்ட்டாகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை.

மொத்தச் செலவும் நான்தான் செய்கிறேன். அது போதாதா?

போதாது. சொந்தப் பிள்ளை விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் கேட்பதே இல்லை. பிள்ளை எங்கே வாழ்ந்தது என்றுதான் கேட்கிறது. மாதம் 2,000 டாலர் அனுப்பும் அப்பாவை விட, பிள்ளை இரவில் படுத்துறங்கும் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத்தான் முதல் உரிமை.

டிசம்பர் 30-ஆம் தேதி குழந்தை பிறந்தது. இந்த வருஷமே காட்டலாமா?

தாராளமாக. உயிரோடு பிறந்த குழந்தை முழு ஆண்டும் உங்களோடு இருந்ததாகவே கணக்கு. முழு 2,200 டாலரும் உண்டு. பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோன குழந்தைக்கும் இதே விதிதான். அந்தத் துயரத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும், உரிமை உண்டு. இறந்தே பிறந்த குழந்தைக்குச் சட்டம் இந்த உரிமையைத் தரவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஏப்ரலுக்குள் எண் வரவில்லை என்றால் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்குங்கள். எண் இல்லாமல் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்; நீட்டிப்போடு சேர்ந்த கெடுவுக்குள் எண் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி.

என் மகள் ஹெச்4 விசாவில் இருக்கிறாள். 2,200 டாலர் கிடைக்குமா?

கிடைக்காது, 500 கிடைக்கும். சைல்டு டாக்ஸ் கிரெடிட்டுக்குப் பிள்ளையிடம் வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். ஹெச்4 பிள்ளைகளுக்கு வேலை அனுமதி இல்லாததால் அந்த எண் கிடைப்பதில்லை. பத்து வருஷமாக இங்கே வரி கட்டும் குடும்பத்திலும் இதே நிலைதான். கிரீன் கார்டு வரிசையில் காத்துக் கிடக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பு, நியாயமான வருத்தம். ஆனால் இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

500 டாலர் கிரெடிட்டுக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் போதும். அதற்கு டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ரிட்டர்னின் கெடுவுக்குள் விண்ணப்பித்திருந்தால் எண் பிறகு வந்தாலும் செல்லும். சான்று விஷயத்தில் ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) கறாராக இருக்கும்: அசல் பாஸ்போர்ட், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல். நோட்டரி கையெழுத்துப் போட்ட நகல் செல்லாது. பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஆஸ்டினில் உள்ள ஐஆர்எஸ் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பப் பயமாக இருந்தால் இரண்டு வழி உண்டு. ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிப்பு முகவரிடம் நேரில் காட்டலாம். இல்லாவிட்டால் முன்பதிவு செய்து ஐஆர்எஸ் உதவி மையத்துக்கே போகலாம். பாஸ்போர்ட்டில் நுழைவுத் தேதி முத்திரை இல்லாவிட்டால் அமெரிக்காவில் வசிப்பதற்கான ஆதாரமும் வேண்டும்: 6 வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவப் பதிவு, அதற்கு மேல் என்றால் பள்ளிப் பதிவு. மூன்று வருஷம் தொடர்ந்து எந்த ரிட்டர்னிலும் பயன்படாத ஐடிஐஎன் காலாவதியாகிவிடும்.

கிரீன் கார்டு வந்ததும் பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு உடனே விண்ணப்பியுங்கள். 17 வயதுக்குள் வந்தால் அந்த ஆண்டிலிருந்து பெரிய கிரெடிட் திறக்கும்.

2025 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பெற்றோரிடமும் வேலைக்குரிய சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். கூட்டு ரிட்டர்னில் இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதும். ஹெச்1பி கணவரும் ஐடிஐஎன் வைத்திருக்கும் மனைவியும் கூட்டாகப் போட்டால், இங்கே பிறந்த பிள்ளைக்கு 2,200 டாலர் கிடைக்கும்.

இந்த வருஷம்தான் அமெரிக்கா வந்தோம். பிள்ளைகளைக் காட்டலாமா?

வரிச் சட்டப்படி ரெசிடென்ட்டா என்பது நாள் கணக்கைப் பொறுத்தது. இந்த ஆண்டில் இங்கே இருந்த நாட்கள், போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, மொத்தம் 183 வர வேண்டும்; இந்த ஆண்டில் குறைந்தது 31 நாள் இருந்திருக்க வேண்டும். முதல் முறையாக ஆகஸ்டில் வந்திறங்கிய குடும்பம் அந்த ஆண்டில் இதை எட்டாது. முதல் ஆண்டுக்கென்று சில விருப்பத் தேர்வுகள் சட்டத்தில் உண்டு. ஆனால் அதை மென்பொருளை நம்பிச் செய்யாமல், நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எஃப்1 மாணவரின் குடும்பமாக எஃப்2-வில் இருக்கும் பிள்ளைகளின் நாட்கள் இந்தக் கணக்கிலேயே பொதுவாகச் சேராது. அதே போல 21 வயதானதும் ஹெச்4-இலிருந்து எஃப்1-க்கு மாறும் கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் தேவை. எஃப்1 நாட்கள் பொதுவாக ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை எண்ணப்படுவதில்லை. மாறிய ஆண்டில் ஹெச்4 நாட்களும் முந்தைய ஆண்டுகளும் சேர்ந்து 183-ஐ எட்டக்கூடும். மறு ஆண்டு எண்ணுவதற்கு நாளே இல்லாமல் போய், பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் டிபென்டென்ட் ஆகாமல் போகலாம்.

குழந்தை இங்கே பிறந்தது, இப்போது மதுரையில் பாட்டி வீட்டில் வளர்கிறது. காட்டலாமா?

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், டே கேர் கட்டணம் தாங்கவில்லை, ஒன்றரை வயது வரை அம்மா பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவைத்த குடும்பங்கள் நிறைய. குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பதால் குடியுரிமைச் சோதனையில் பிரச்சினை இல்லை. 'பாதிக்கு மேல் உங்களோடு' என்ற சோதனையில்தான் இடிக்கும்.

கோடை விடுமுறைக்கு மூன்று மாதம் ஊருக்குப் போய் வந்தால் ஒன்றும் ஆகாது. பாதிக்கு மேல் போனால் அது 'தற்காலிகப் பிரிவு'தானா என்று பார்க்க வேண்டும். படிப்பு, நோய், விடுமுறை போன்ற காரணத்துக்காகப் பிரிந்து, திரும்பி வருவது உறுதி என்றால், உங்களோடு இருந்ததாகவே கணக்கு. பாட்டி பார்த்துக்கொள்வதற்காக ஒரு வருஷம் முழுக்க ஊரில் விட்டிருப்பது இந்தக் காரணங்களில் அடங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐஆர்எஸ் கேட்டால் காட்ட உங்களிடம் இங்கத்திய குழந்தை மருத்துவர் பதிவோ டே கேர் ரசீதோ இருக்காது.

ஆனாலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. 'குவாலிஃபையிங் ரிலேட்டிவ்' என்று இரண்டாவது பாதை ஒன்று உண்டு. அதில் சொந்தப் பிள்ளை உங்களோடு வாழ வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிள்ளையின் வருமானம் 5,200 டாலருக்குக் கீழ் இருந்து, செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருந்தால் டிபென்டென்ட் ஆகிவிடும். கிடைப்பது 500 டாலர் கிரெடிட் மட்டும். 2,200 இந்தப் பாதையில் வராது. ஊருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், இங்கே அதுதான் சான்று. உழைப்பு வருமான கிரெடிட்டுக்கோ பிள்ளை அமெரிக்காவிலேயே பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு வாழ்ந்திருக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளை இந்தியாவிலேயே இருக்கிறது. பள்ளிக் கட்டணம் எல்லாம் நான்தான் அனுப்புகிறேன்.

காட்ட முடியாது, எவ்வளவு அனுப்பினாலும். ஒரு விலக்கு: நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை முழு ஆண்டும் உங்கள் வீட்டிலேயே உங்களோடு வாழ்ந்தால் அந்தப் பிள்ளையைக் காட்டலாம்.

மகன் வேறு மாநிலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். இன்டர்ன்ஷிப்பில் 18,000 டாலர் சம்பாதித்தான்.

24-க்குக் கீழ், ஆண்டில் ஏதாவது ஐந்து மாதங்களில் முழுநேர மாணவன் என்றால் இன்னும் உங்கள் டிபென்டென்ட்தான். விடுதியில் இருப்பது தற்காலிகப் பிரிவு. 18,000 சம்பாதித்தது பிரச்சினை இல்லை. அந்தப் பணத்தைத் தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் போட்டானா என்பதே கேள்வி. சேமிப்பில் போட்டிருந்தால் அது கணக்கில் வராது. ஸ்காலர்ஷிப்பும் அவன் தானே தாங்கிக்கொண்டதாக எண்ணப்படாது.

அவன் தனியாக ரிட்டர்ன் போட வேண்டும். அதில் 'வேறொருவர் என்னை டிபென்டென்ட்டாகக் காட்டலாம்' என்ற கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்ய வேண்டும். பிள்ளைகள் ஃபோனில் இரவோடு இரவாகத் தாக்கல் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அப்பாவின் ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும். பிப்ரவரியிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

17 முடிந்ததால் அவனுக்கு 500 டாலர்தான். ஆனால் 'அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி' கிரெடிட் 2,500 டாலர் வரை நான்கு ஆண்டுகளுக்கு உண்டு. டிபென்டென்ட்டாக இருக்கும் வரை அதைப் பெற்றோர்தான் கேட்க முடியும். கூட்டு ரிட்டர்னில் வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் குறைந்து, 1,80,000-இல் நின்றுவிடும்.

நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம், விவாகரத்து ஆகவில்லை. அவர் ஒவ்வொரு வருஷமும் பிள்ளையைத் தன் ரிட்டர்னில் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்கள் பலர் இதுவரை சொந்தமாக ரிட்டர்ன் போட்டதே இல்லை. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பிள்ளை ஆண்டில் அதிக இரவுகள் யாருடைய வீட்டில் தங்கியதோ அவருக்கே உரிமை. 365 நாளில் 183 இரவு உங்களிடம் என்றால் அது நீங்கள்தான். இரவுகள் சமம் என்றால் வருமானம் அதிகமுள்ளவருக்கு. அவர் பணம் அனுப்புகிறார், வீட்டு வாடகை கட்டுகிறார், குடும்பத் தலைவர் என்பதெல்லாம் இதை மாற்றாது.

அவர் பிள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் நீங்கள் 8332 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் அல்லது 500 டாலர் கிரெடிட், பிள்ளை கல்லூரியில் படித்தால் கல்லூரிக் கட்டணக் கிரெடிட் ஆகியவை மட்டுமே அவருக்குப் போகும். டே கேர் கிரெடிட், உழைப்பு வருமான கிரெடிட், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு ஆகியவற்றுக்கான உரிமை உங்களிடமே இருக்கும். எத்தனை ஆண்டுக்கு என்பதைப் படிவத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 'வருங்கால ஆண்டுகள் அனைத்தும்' என்று எழுதியிருக்கலாம். கொடுத்ததை அதே படிவத்தின் மூன்றாம் பகுதி வழியாகத் திரும்பப் பெறலாம். ஆனால் அவருக்கு அறிவித்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் அது செல்லும்.

விவாகரத்து ஆகாவிட்டாலும் ஆண்டின் கடைசி ஆறு மாதம் அவர் உங்கள் வீட்டில் வாழவில்லை, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் செய்தீர்கள், பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு இருந்தது என்றால், நீங்கள் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டாகத் தாக்கல் செய்யலாம். 2025-க்கு அதன் நிலையான கழிவு (வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து கழியும் தொகை) 23,625 டாலர். தனித் தாக்கலில் 15,750-தான். கூட்டு ரிட்டர்னில் உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அதில் வரும் வரிப் பாக்கிக்கு நீங்களும் முழுப் பொறுப்பு.

விவாகரத்துத் தீர்ப்பில் 'ஒற்றைப்படை ஆண்டு அப்பாவுக்கு' என்று இருந்தாலும், 2008-க்குப் பிறகான தீர்ப்பு என்றால் ஐஆர்எஸுக்கு 8332 படிவம்தான் வேண்டும். தீர்ப்பை மீறுவது குடும்ப நீதிமன்றத்தில் தனிப் பிரச்சினை. அதற்கு வக்கீலைக் கேளுங்கள்.

வேறு யாரோ ஏற்கெனவே பிள்ளையின் எண்ணைப் போட்டுவிட்டார்கள், என் ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது. இனி அவ்வளவுதானா?

இல்லை. முந்திப் போட்டவருக்குத்தான் உரிமை என்று எந்த விதியும் கிடையாது. காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பலாம். அல்லது ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் (உங்கள் அடையாளத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) எடுத்து மின்வழியிலேயே மறுபடி தாக்கல் செய்யலாம். பிறகு இருவருக்கும் கடிதம் வரும், தவறாகக் காட்டியவர் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் தணிக்கை.

வருமானம் அதிகமானால் கிரெடிட் போய்விடுமா?

கூட்டு ரிட்டர்னில் 4,00,000 டாலர் வரை, மற்றவர்களுக்கு 2,00,000 வரை முழுதும் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 1,000-க்கும் 50 டாலர் குறையும். தம்பதியின் வருமானம் 4,20,000, ஒரு பிள்ளை என்றால் 1,000 டாலர் போய் 1,200 கிடைக்கும்.

டே கேர் செலவுக்கு?

13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, பெற்றோர் இருவரும் வேலையிலோ முழுநேரப் படிப்பிலோ இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 3,000, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 6,000 டாலர் செலவு வரை கணக்கில் எடுப்பார்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதில் 20 சதவீதம். ஐடிஐஎன் உள்ள பிள்ளைக்கும் உண்டு. கோடைப் பகல் முகாம் செல்லும், இரவு தங்கும் முகாம் செல்லாது. பார்த்துக்கொள்பவரின் வரி எண் வேண்டும். ரொக்கமாக வாங்கிக்கொண்டு எண் தர மறுப்பவரிடம் விட்டால் இந்தக் கிரெடிட் சிக்கலாகும்.

பழைய வருஷங்களில் விட்டுப்போனதை வாங்கலாமா?

தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போடலாம். ஆனால் அந்தந்த ஆண்டின் கெடுவுக்குள் பிள்ளைக்கு எண் கிடைத்திருக்க வேண்டும். 2025-இல் கிரீன் கார்டோடு வந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து 2022-க்கான பெரிய கிரெடிட்டைக் கேட்க முடியாது.

ஐஆர்எஸ் கடிதம் அனுப்பினால் என்ன காட்ட வேண்டும்?

உறவுக்குப் பிறப்புச் சான்றிதழ். வசிப்பிடத்துக்குப் பள்ளி, குழந்தை மருத்துவர் அல்லது டே கேர் தரும் கடிதம். அதில் பிள்ளையின் பெயர், உங்கள் பெயர், வீட்டு முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது எல்லாம் இருக்க வேண்டும். முகவரி மாறியிருந்தால் இரண்டு பள்ளிகளிலும் வாங்குங்கள். 'எனக்குத் தெரிந்த ஆள் அதிக ரீஃபண்ட் வாங்கித் தருகிறார்' என்று யாரிடமாவது கொடுத்திருந்து, அவர் ரிட்டர்னில் கையெழுத்தே போடவில்லை என்றால், கடிதம் வருமுன்னே நீங்களே திருத்திவிடுங்கள். பொறுப்பு உங்களுடையதுதான். அலட்சியமாகத் தவறாகக் கேட்டதாக முடிவானால் இரண்டு ஆண்டு, மோசடி என்றால் பத்து ஆண்டு இந்தக் கிரெடிட்டுகளைக் கேட்கவே முடியாது. தடை முடிந்த பிறகும் 8862 படிவத்தோடுதான் மறுபடி கேட்க முடியும்.